பத்து வீட்டுப் பொறுப்பு

டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. நம் சபைப் போதகர் ஐயர் பத்து வீட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இவர்களை நீங்கள்தான் விசுவாசத்தில் திடப்படுத்த வேண்டும் என்று சொன்னதிலிருந்து உங்களுக்குச் சரியான தூக்கம் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. “எனக்குப் பேச வராதே அண்ணாச்சி, வசனமும் சட்டுனு வாயில வராதே” என்கிறீர்கள். இந்த வேலைக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. சபையில் ஒருவரை ஒருவர் தேற்றுவது என்றாலே மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை உருக்கமாகப் பேசுவது என்று நமக்குள் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அது எப்படி நடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால் உங்கள் பயம் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குப் பழைய கடன் விஷயம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுக நகரம். 1739இல் ஜான் வெஸ்லி என்ற போதகர் அங்கே ஒரு கூடுமிடம் கட்டத் தொடங்கினார். நியூ ரூம் என்று அதற்குப் பெயர், இன்றைக்கும் நிற்கிறது. பக்கத்தில் கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், ஊருக்குள் கைத்தொழில் செய்கிறவர்கள், பெரிய வீடுகளில் வேலை பார்க்கிறவர்கள் என்று எளிய ஜனங்கள் பலர் அவரோடு சேர்ந்தார்கள். கட்டடம் எழும்பிவிட்டது, கடன் தீரவில்லை. 1742 பிப்ரவரி 15ஆம் தேதி எல்லாரும் உட்கார்ந்து கடனை அடைக்க வழி பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்று ஒருவர் எழுந்து, கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். ஏழைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களால் அதுகூட முடியாதே என்றார் இன்னொருவர். ஃபாய் அதற்குச் சொன்ன பதிலைக் கவனியுங்கள். இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள்; வாரம் தவறாமல் நான் போய்ப் பார்க்கிறேன்; கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கட்டிவிடுகிறேன் என்றார். மற்றவர்களும் ஆளுக்குப் பதினொரு பேரை இப்படி ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அப்படியே வீடு வீடாகப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து வெஸ்லியிடம் சொன்ன செய்திகள் காசைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. இன்னார் நடக்க வேண்டிய விதமாக நடக்கவில்லை என்ற செய்தியும் வந்தது. பிரசங்க மேடையில் நிற்கிறவருக்குத் தெரியாதது, பென்னி வாங்கப் படியேறினவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த வழி இதுதானே என்று வெஸ்லிக்கு உறைத்தது. கடன் வசூலுக்காகப் போட்ட ஏற்பாடு அன்றிலிருந்து ஆத்தும விசாரிப்பாக மாறியது. அடுத்த வருஷம், 1743இல், அதை விதியாகவே எழுதி வைத்தார்: ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், வாரம் ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் பார்த்து ஆத்தும நிலையை விசாரிக்க வேண்டும், தேவைக்குத் தக்கபடி புத்தி சொல்லவோ ஆறுதல் சொல்லவோ வேண்டும், ஏழைகளுக்காக அவர்கள் கொடுப்பதை வாங்கி வர வேண்டும். பொறுப்பாளர்களில் பெண்களும் இருந்தார்கள். பெரிய படிப்பை யாரிடமும் எதிர்பார்க்கவில்லை.

வீடு வீடாகப் போவதில் அவர்களுக்குச் சில சங்கடங்களும் வந்தன. நேரம் போதவில்லை. எஜமான் வீட்டில் தங்கி வேலை செய்கிற பெண்ணிடம், எஜமானி பக்கத்தில் நிற்கும்போது மனம்விட்டு என்ன பேச முடியும்? இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் என்றால் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால்தான் தீரும். ஆகையால் வாரம் ஒருநாள் பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடுவது என்று மாற்றிக்கொண்டார்கள். நம் சபைகளில் நடக்கிற வீட்டு ஜெபக் கூட்டமும், கத்தோலிக்கப் பங்குகளில் தெருத் தெருவாக நடக்கிற அன்பியமும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் நாம் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை விசாரிப்பதை மெதுவாகக் கைவிட்டுவிட்டோமோ என்று எனக்குக் கவலை உண்டு. பாட்டு, ஜெபம், செய்தி, சுண்டல் எல்லாம் முடிந்து கலைந்துபோகிறோம். மூன்று வாரமாக வராதவர் ஏன் வரவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஃபாய் சொன்னதில் என் மனசைப் பிடித்த இடம் கடைசி வரி. கொடுக்க முடியாதவனுக்கும் சேர்த்து நான் கட்டுகிறேன் என்றாரே, அது வெறும் காசு உதவி இல்லை. அந்த ஏழை அடுத்த வாரம் தலைகுனியாமல் கதவைத் திறப்பதற்கு அவர் செய்துகொடுத்த வழி அது. உங்கள் தாளில் உள்ள பத்து வீட்டில் ஒன்றிரண்டாவது சபைச் சந்தா பாக்கி வைத்திருக்கும். “வருஷக் கணக்குல நிக்குது, எந்த முகத்தோட கோயிலுக்கு வர்றது” என்று நினைத்தே பின்தங்கிப் போனவர்கள் உண்டு. வெளியே கேட்டால் வேலை, உடம்பு சரியில்லை என்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ரசீதுப் புத்தகத்தைக் கையில் கொண்டு போகாதீர்கள். செயலரிடம் முன்கூட்டியே பேசி, அந்தப் பாக்கியை அவர்களுக்குத் தெரியாமல் தீர்த்துவிட வழி உண்டா என்று பாருங்கள். உங்களால் முழுவதும் முடியாவிட்டால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசுவாசத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு தானாக வரும்.

இனி வேதத்துக்கு வருகிறேன். தேற்றுகிறவர் என்றால் எனக்கு முதலில் பர்னபாதான் நினைவுக்கு வருவார். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர். சொந்தப் பெயர் யோசே. நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரிடம் கொண்டுவந்து வைத்தவராக அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தில் அறிமுகமாகிறார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. சபையைத் துன்பப்படுத்தின சவுல், பின்னால் பவுல் எனப்பட்டவர், மனந்திரும்பி எருசலேமுக்கு வந்து சீஷர்களோடு சேரப் பார்க்கிறார். ஒருவரும் நம்பவில்லை, எல்லாருக்கும் பயம். பயப்பட நியாயமும் இருந்தது, ஸ்தேவானைக் கொன்ற கூட்டத்தோடு நின்றவர் அல்லவா! அந்த நேரத்தில் பர்னபா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், இவருக்கு நடந்தது இது என்று எடுத்துச் சொல்கிறார். பர்னபா தன் நல்ல பெயரை அடகு வைத்துத்தான் அதைச் செய்தார். சவுல் நடித்திருந்தால் பழி அவர்மேல் விழுந்திருக்கும்.

பிறகு அந்தியோகியாவில் சபை பெருகுகிறது. அங்கே அனுப்பப்பட்ட பர்னபா, வேலை தன்னால் மட்டும் ஆகாது என்று கண்டு, தர்சு பட்டணத்துக்குப் போய்ச் சவுலைத் தேடிப் பிடித்து அழைத்து வருகிறார். தன்னைவிடத் திறமைசாலியைத் தானே தேடிப் போய்க் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்துவது எத்தனை பேரால் முடியும்? சில வருஷத்துக்குள் பர்னபாவும் சவுலும் என்று சொன்ன வாய்கள் பவுலும் பர்னபாவும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. அதற்காக அவர் முகம் சுளித்ததாக எங்கும் எழுதவில்லை.

மாற்கு விஷயம் இன்னும் ஆழமானது. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலேயே மாற்கு பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பர்னபா. கூடவே கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். வேதம் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். வெகு காலம் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதே பவுல், மாற்குவை அழைத்து வா, ஊழியத்துக்கு எனக்கு உபயோகமானவன் என்கிறார். இடையில் பர்னபா மாற்குவிடம் என்ன பேசினார், எப்படித் தேற்றினார் என்று ஒரு வரியும் இல்லை. கூட வைத்துக்கொண்டார் என்பதுதான் நமக்குத் தெரியும். உங்கள் பத்து வீட்டில் ஒரு மாற்கு இருப்பான். ஓய்வுநாள் பள்ளி நடத்தியவன், கொயரில் பாடியவன், ஏதோ ஒரு தப்பு செய்து வெட்கப்பட்டு விலகிப் போனவன். அவனுக்குப் புத்தி சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு வேலையைக் கொடுத்து அவனை உங்கள் கூட வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு விளக்கு ஏற்பாடு பண்ணித் தருவாயா என்று கேளுங்கள். வந்தால், பழையதை எடுக்காதீர்கள்.

சரி, துக்கமும் நோயும் உள்ள வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டீர்கள். யோபுவின் நண்பர்களை எல்லாரும் குறை சொல்கிறோம். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாளும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் பெரிது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்து காரணம் விளக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஏன் இப்படி நடந்தது என்பதற்கு உங்களிடம் விடை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். தேவ சித்தம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதை நாம் வாசலில் நின்று சொல்ல வேண்டியதில்லை. அவளே ஒருநாள் சொல்வாள், அல்லது சொல்லமாட்டாள்.

எலியாவைப் பாருங்கள். சூரைச் செடியின் கீழே படுத்துச் செத்துப்போனால் தேவலை என்றவருக்கு, தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் எலியாவிடம் பேசினது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருந்தால், பெட்டில் இருப்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியை யாரும் பார்க்கமாட்டார்கள். அவள் எப்போது கடைசியாக வீட்டுக்குப் போய்க் குளித்தாள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டம்மாவும் நீங்களும் மத்தியானம் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் அவள் போய்விட்டு வரலாம். கையில் ஒரு பிளாஸ்க், போன் சார்ஜர், துவைத்த போர்வை, ஆட்டோவுக்கும் கேன்டீனுக்கும் ஆகும்படி சில்லறை. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்காதீர்கள், வேறு டாக்டர் பெயர் சொல்லாதீர்கள், இதே வியாதியில் போன உங்கள் சித்தப்பாவைப் பற்றிப் பேசாதீர்கள். பத்து நிமிஷம் போதும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, நோயாளி சொன்னதை வைத்தே சின்னதாக ஜெபித்துவிட்டு எழுந்துவிடுங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லி வராதீர்கள். மானமுள்ள எவரும் சொல்லமாட்டார்கள். “வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நாங்க கொண்டு வாறோம், உப்பு எப்படிப் போடணும்?” என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். கொண்டுபோகிற தூக்குச்சட்டி திரும்பி வராவிட்டாலும் கவலையில்லை என்கிற பழையதாக இருக்கட்டும். அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற பாரம்கூட அவர்களுக்கு வேண்டாம்.

உடுக்கவும் உண்ணவும் இல்லாதவனிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புகிற விசுவாசத்தை யாக்கோபு எவ்வளவு கடுமையாகக் கேட்கிறார் என்று நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். நம்ம பக்கத்தில் இதற்குச் சாட்சியாக ஒரு ஊரே இருக்கிறது. விசுவாசத்தின் நிமித்தம் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துன்பப்பட்டவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கியதுதான் முதலூர். அதற்கு முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். வீட்டை இழந்தவனிடம் விசுவாசத்தில் உறுதியாக இரு என்று மட்டும் சொல்லாமல், குடியிருக்க மனையைக் கொடுத்தார்கள்.

அடுத்தது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்கிற பையன்கள், பிள்ளைகள். காலேஜுக்குப் போய் வந்த பிறகு உபவாச ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறான் என்று அம்மாமார் அழுகிறார்கள். தோமாவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தரைக் கண்டோம் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, காயத்தில் கையை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடித்துச் சொன்னவர் அவர். எட்டு நாள் கழித்துக் கர்த்தர் மறுபடி வரும்போது தோமா எங்கே இருந்தார்? அதே வீட்டுக்குள், அவர்களோடுதான் இருந்தார். அந்த எட்டு நாளும் நம்பினவர்கள் நம்பாதவரைத் துரத்தவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உங்களால் அந்தப் பையனின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. கேள்வியோடு அவன் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்றால், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஜெபக்குறிப்பு விஷயத்தில் உங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்லியாக வேண்டும். “அந்த வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, விஷயம் உங்களுக்குத் தெரியாதா?” என்று தொடங்கி எத்தனை குடும்பத்தின் மானம் போயிருக்கிறது! ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் தீட்ரிஷ் போன்ஹோபர் என்ற போதகர், 1935இல் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் இளம் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அரசாங்கத்துக்கு அடிபணியாத சபையின் செமினரி அது. அங்கே அவர் வற்புறுத்திய ஒழுங்கு ஒன்று உண்டு: இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது, பேசிவிட்டால் பிறகு அவனிடமே போய், இப்படிப் பேசினேன் என்று சொல்லிவிட வேண்டும். அதைக் கடைப்பிடிக்க முயன்றதில் தாங்கள் கற்றது மிக அதிகம் என்று அங்கே படித்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1937இல் போலீசார் செமினரியை மூடினார்கள். மாணவர்கள் சிதறினார்கள், பலர் கைதானார்கள், பின்னால் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். போன்ஹோபர் அவர்களுக்குச் சுற்றறிக்கைக் கடிதங்கள் எழுதித் தேற்றிக்கொண்டே இருந்தார், இறந்தவர்களின் பெயர்களையும் அதில் சொல்லி. 1945 ஏப்ரலில் அவரையும் தூக்கிலிட்டார்கள். உங்கள் பத்து வீட்டில் கேட்டதைப் பதினோராவது வீட்டுக்குக் கொண்டு போகாமலிருந்தாலே போதும். மூன்று மாதத்தில் எல்லாரும் உங்களிடம் உண்மையைப் பேச ஆரம்பிப்பார்கள்.

தாளை இன்னொருமுறை பார்த்தேன். ஐயர் வீடுகளைத் தெரு வரிசையில் எழுதியிருக்கிறார், நல்ல காரியம். சொந்தக்காரர் வீடு, நம்ம ஆட்கள் வீடு என்று பிரித்து எழுதியிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நம் சபைகளில் ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறோம். அசன விருந்தில் ஒரே பந்தியில் உட்காருகிறோம். ஆனால் சாதி விட்டு ஒரு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க இன்னும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தாங்க முடியாத வேதனை. ஆகையால் எந்த வீட்டில் என்ன கொடுத்தாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு வீட்டில் டீ குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்று சொன்னால், நீங்கள் சொல்லப்போகிற எந்த வசனமும் அங்கே நிற்காது. வயிறு நிறைந்திருந்தால் பாதி டம்ளர் கேட்டு வாங்குங்கள்.

காலையில் வசனப் படம் அனுப்புகிற பழக்கம் உங்களுக்கு உண்டு; அனுப்புங்கள். அதோடு தினம் ஒருவருக்கு, அவர் பெயரைச் சொல்லி, அவர் விஷயம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேளுங்கள். இன்றைக்குப் பேங்கில் லோன் விஷயமாகப் போகிறார் என்று தெரிந்தால் சாயங்காலம் போன் பண்ணுங்கள்.

நீங்களும் களைத்துப் போவீர்கள். அதைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் நான் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். வெஸ்லியின் பொறுப்பாளர்களும் வாரம் ஒருமுறை போதகரையும் சங்கத்தின் காரியதரிசிகளையும் சந்திக்க வேண்டும் என்றுதான் அதே 1743 விதி சொல்கிறது. அவர்களையும் விசாரிக்க ஆள் வேண்டுமல்லவா? பவுலைக் காட்டிலும் திடமானவர் யார்? அவரே கடைசிக் கடிதத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்து வா, மாரிக்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்று தீமோத்தேயுவைக் கேட்கிறார். ரோமில் அலைந்து திரிந்து தன்னைக் கண்டுபிடித்து வந்த ஒநேசிப்போருவைப் பற்றி, என் விலங்கைக் குறித்து அவன் வெட்கப்படவில்லை என்று நன்றியோடு எழுதுகிறார். குளிருகிறது, தனியாக இருக்கிறேன், வா என்று சொல்வது விசுவாசக் குறைவு என்று அவருக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்ற வேண்டாம். மனசு வறண்டு போகிற வாரம் என்னிடம் வாருங்கள்.

இயேசு தம் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேறு வேலை இல்லை. முதல் இரண்டு வீட்டுக்கு நானும் கூட வருகிறேன். சந்தா பாக்கி உள்ள வீடு எது என்று செயலரிடம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வைத்துவிடுங்கள், அங்கேயே தொடங்குவோம்.